அசையும் தளமும் அசையா ஓடும்

சுவரிருந்தால்தான் சித்திரம் எழுதலாம் என்பது தமிழ் மக்கள் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. சித்திரத்துக்குச் சுவர் எத்தகையதோ, தரையோட்டுக்கு அதனைத் தாங்கும் தளம் அத்தகையது. ஒரு வேற்றுமை மட்டும் உண்டு. சித்திரம் எழுதிய பின்னும் சுவர் சுவராகவே நிற்கும். ஐயமுடையோர் தட்டிப் பார்க்கலாம். தளமோ, ஓடு பதித்த அன்றே கண்ணுக்கு மறைந்துவிடும். மறைந்துபோகும் பொருளுக்குப் பணம் செலவிட மனித மனம் எளிதில் இசைவதில்லை. அந்த இசைவின்மையாற் கேடு எங்ஙனம் விளைகின்றது, அதனைத் தடுக்கும் வழி யாது என்பவற்றை, மரத்தளத்தின்மேற் பெரிய பீங்கான் ஓடு பதித்தல் என்னும் ஒரு தொழிலை எடுத்துக்கொண்டு ஆராய்தல் பயனுடையதாகும்.

இலங்கையில் இன்று எழும் வீடுகளிற் பெரும்பாலானவற்றின் தரை, மண்ணை இறுக்கி, அதன்மேற் கொங்கிறீற்று இட்டு அமைக்கப்படுவது. மேல்மாடியும் கம்பி கட்டிய கொங்கிறீற்றுத் தட்டாகவே இருப்பது வழக்கம். நடந்தாற் குலுங்காத தரை அது. ஆதலால் அங்கே ஓடு பதிக்கும் மேசன், மட்டத்தையும் சாந்தையும் வரிசை ஒழுங்கையும் பார்த்துக்கொண்டாற் போதும். ஆனால் உலகெங்கும் தரை இவ்வாறு அமைவதில்லை. இங்கிலாந்தில் விக்டோரியா மகாராணியார் ஆண்ட 1837 முதல் 1901 வரையான காலத்திலும், அதனை அடுத்த ஆண்டுகளிலும், நகரங்கள்தோறும் வரிசை வரிசையாகக் கட்டப்பட்ட வீடுகளிற் பெருந்தொகையானவற்றின் தரை மரப்பலகையால் ஆனது. இலண்டன் மாநகரின் ஈஸ்ட்ஹாம், ரூற்றிங் முதலிய பகுதிகளில் இத்தகைய வீடுகள் மிகுதி. இலங்கைத் தமிழ்க் குடும்பங்கள் பல அப்பகுதிகளில் வாழ்கின்றன. நேயர்களிற் பலருக்கு மகனோ மகளோ மருமகனோ அவ்வீடொன்றில் இருத்தல் கூடும். ஆகவே இச்செய்தி தூரதேசத்துச் செய்தியாயினும் தொடர்பற்ற செய்தியன்று.

அவ்வீடுகளின் தரை அமைந்த விதத்தை முதலில் அறிதல் வேண்டும். அறையின் ஒரு பக்கச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கச் சுவர்வரை மரச்சட்டங்கள், ஏறத்தாழ 400 மில்லிமீற்றருக்கு ஒன்றாக, ஒன்றுக்கொன்று நேராகக் கிடத்தப்பட்டிருக்கும். இவை தாங்குசட்டங்கள். இவற்றின்மேற் குறுக்காகப் பலகைகளை ஆணியால் அறைந்திருப்பார்கள். கீழ்வீட்டில், சட்டங்களுக்கும் நிலத்துக்கும் இடையே வெற்றிடம் உண்டு. அவ்வெற்றிடத்தில் ஆங்காங்கே தாழ்ந்த செங்கற் சுவர்களைக் கட்டிச் சட்டங்களுக்கு இடைத்தாங்கல் கொடுத்திருப்பதும் உண்டு. வெளிச்சுவரின் அடியிலே துளையிட்ட செங்கற்கள் பொருத்தப்பட்டிருக்கும். அத்துளைகளின் வழியே காற்றுப் புகுந்து, தரையின் அடியை உலர்த்தி, மறுபக்கத்தால் வெளியேறும். மேல்வீட்டிலோ இடைத்தாங்கல் இராது; சுவருக்குச் சுவர் சட்டம் தன் வலிமையிலேயே நிற்கும். சுருங்கச் சொன்னால், இத்தரை நிலத்தின்மேற் கிடப்பதன்று. சுவர்களிடையே தொங்கி நிற்பது.

இத்தகைய வீடொன்றை ஒரு குடும்பம் வாங்கிற்று எனக் கொள்க. பழைய பலகைகள் நடக்குந்தோறும் கிறீச்சிடுகின்றன. கடையிலே 1200 மில்லிமீற்றர் நீளமும் 600 மில்லிமீற்றர் அகலமும் உள்ள பீங்கான் ஓடு, சலவைக்கல் போன்று பளபளக்கின்றது. போர்சலின் டைல்ஸ் என்று விற்பனையாளர் சொல்லும் பொருள் அதுவே. பல மாதம் சேமித்த பணத்தில் ஓட்டை வாங்கி, பலகையின்மேல் நேரே சாந்திட்டுப் பதித்துவிடுகின்றார்கள். முதல் மாதம் வருவோரெல்லாம் வியக்கின்றனர். குளிர்காலம் வருகின்றது, வீட்டைச் சூடாக்கும் கருவி இரவும் பகலும் இயங்குகின்றது. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே நிரப்பிய சாந்தில் மயிரிழைபோல் ஒரு கோடு தோன்றுகின்றது. பின்னர் ஓரிடத்தில் நடக்கும்போது வெற்றுக் குடத்தைத் தட்டினாற்போல் ஓசை எழுகின்றது. அடுத்த ஆண்டுக்குள் ஓடு ஒன்று குறுக்கே வெடித்துவிடுகின்றது. வீட்டார் ஓட்டைப் பழிக்கின்றனர். கடைக்காரர் மேசனைப் பழிக்கின்றார். மேசன் சாந்தைப் பழிக்கின்றார். உண்மையில் ஓடும் நல்லது, சாந்தும் நல்லது. ஓட்டை உடைத்தது அதன் கீழுள்ள மரம்.

அது எவ்வாறு என்பதை அறிய, இரண்டு பொருள்களின் இயல்பையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். பீங்கான் ஓடு என்பது நுண்ணிய களிமண்ணும், பெல்ஸ்பார் என்னும் கனிமமும், படிகக்கல் மாவும் சேர்த்துப் பேரழுத்தத்தில் அழுத்தி, ஏறத்தாழ 1200 பாகை சென்ரிகிறேட் வெப்பத்திற் சுட்டெடுக்கப்படுவது. அது தன் எடையில் நூற்றுக்கு அரைப் பங்குக்கு மேல் நீரை உறிஞ்சாது. மேலிருந்து அழுத்தும் பாரத்தை நன்றாகத் தாங்கும். ஆனால் வளைய மாட்டாது. வளைக்க முயன்றால் உடையும்.

மரமோ வெட்டப்பட்டு நூறாண்டு கடந்த பின்னும் அசைவை விடுவதில்லை. காற்றில் ஈரம் மிகும்போது ஈரத்தை ஏற்று அகலிக்கும். காற்று உலரும்போது ஈரத்தை விட்டுச் சுருங்கும். நார் ஓடும் திசையில் இம்மாற்றம் மிகச் சிறிது. நாருக்குக் குறுக்கே பெரிது. சூடாக்கிய அறையில், 150 மில்லிமீற்றர் அகலமுள்ள பலகையொன்று குளிர்காலத்தில் ஒரு மில்லிமீற்றர் அளவு சுருங்குதல் வியப்பன்று. இவ்வாறு பக்கவாட்டில் அசைவது மரத்தின் முதலாவது அசைவு. பாரம் ஏறும்போது கீழ்நோக்கி வளைந்து, பாரம் நீங்கும்போது மீள்வது இரண்டாவது அசைவு. இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள். இவற்றுக்கு மருந்தும் வெவ்வேறு. ஒன்றின் மருந்தை மற்றொன்றுக்குக் கொடுத்துவிட்டு, நோய் தீரவில்லையே என வருந்துவதுதான் இத்தொழிலில் மிகுதியாக நிகழும் தவறு.

இது இன்று நேற்றுத் தோன்றிய சிக்கலன்று. கி.மு. முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த வித்துருவியஸ் என்னும் உரோமக் கட்டடக் கலைஞர், கட்டடக்கலை பற்றிப் பத்துப் பாகங்கள் கொண்ட நூலொன்றை எழுதினார். அதன் ஏழாவது பாகம் தரை அமைக்கும் முறையோடு தொடங்குகின்றது. மேல்மாடியின் மரப்பலகைமேற் சாந்தும் கல்லும் இட்டுத் தரை செய்வோருக்கு அவர் கூறும் அறிவுரைகள் கவனிக்கத்தக்கவை. ஈரத்தால் முறுகும் ஓக்கு மரவகையை முறுகாத வகையோடு கலந்து பலகை பரப்பலாகாது. கலந்தால் தரை வெடிக்கும் என்கின்றார். ஒவ்வொரு பலகையையும், அது தாங்குசட்டத்தைக் கடக்கும் இடந்தோறும் இரண்டு ஆணிகளால் அறைதல் வேண்டும்; அப்போதுதான் பலகையின் ஓரங்கள் மேலெழமாட்டா என்கின்றார். பலகைமேல் நேரே சுண்ணச்சாந்தை இடாது, பன்னைச் செடியையோ வைக்கோலையோ பரப்பி, அதன்மேலேயே சாந்துப் படைகளை இடுமாறு பணிக்கின்றார். மரத்தைச் சுண்ணாம்பு அரிக்காது காப்பதே அவ்வைக்கோலுக்கு அவர் கூறும் காரணம். ஆயினும் மரமும் சாந்தும் நேரே பிணைந்துவிடாமல் இடையே ஒரு மெல்லிய படை நின்றது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. அறையின் நடுவே கீழிருந்து எழும் சுவர் மேல்தளத்தை முட்டலாகாது எனவும் அவர் எச்சரிக்கின்றார். முட்டினால், தளம் இருமருங்கும் தாழும்போது அச்சுவரின்மேல் மட்டும் தாழாது நிற்கும்; அவ்விடத்தில் வெடிப்புத் தோன்றும். தரை வெடிப்பதற்குக் காரணம் மேலே அன்று, கீழே உளது என்பதை இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே அவர் கண்டிருந்தார்.

உரோமர் அச்சாந்துப் படைகளை ஒரு சாணளவுக்கும் மேலான தடிப்பில் இட்டனர். அப்பெரும் பாரத்தை இன்றைய வீட்டின் தாங்குசட்டங்கள் பொறுக்கமாட்டா. ஆகவே இன்று தடிப்பினாற் பெறமுடியாத உறுதியை வேறு வழிகளாற் பெறவேண்டியிருக்கின்றது.

ஓடு பெரிதாகப் பெரிதாகச் சிக்கலும் பெரிதாவது ஏன்? 100 மில்லிமீற்றர் அளவுள்ள சிறிய ஓடுகளைப் பதித்தால், ஒரு மீற்றர் நீளத்தில் ஏறத்தாழ பத்து இடைவெளிகள் அமையும். தளம் சிறிது வளைந்தால், அவ்வளைவைப் பத்து இடைவெளிகளும் பங்கிட்டுக்கொள்ளும். ஓடுகள் சங்கிலிக் கண்ணிகளைப் போல் இணங்கி நிற்கும். 1200 மில்லிமீற்றர் ஓட்டிலோ அந்நீளத்தில் இடைவெளி ஒன்றேனும் இல்லை. மூன்று சட்டங்களுக்குமேல் ஒரே துண்டாக அது கிடக்கின்றது. சட்டத்தின்மேல் உள்ள இடம் தாழாது நிற்க, சட்டங்களுக்கு நடுவேயுள்ள பலகை தாழ, அவ்வேற்றுமை முழுவதையும் அந்த ஒரு துண்டே பொறுக்க வேண்டியிருக்கின்றது.

பாரத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். 10 மில்லிமீற்றர் தடிப்புள்ள பீங்கான் ஓடு, சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 23 கிலோகிராம் எடையுடையது. கூறப்பட்ட பெரிய ஓடு ஒன்று தனியே 17 கிலோகிராம் அளவாகும். அதன் கீழிடும் ஒட்டுப்பலகையையும் ஒட்டுச்சாந்தையும் சேர்த்தால், சதுர மீற்றருக்கு 40 கிலோகிராமை அணுகும். நான்கு மீற்றருக்கு மூன்றரை மீற்றர் அளவுள்ள ஓர் அறைக்கு இது அரைத் தொன்னுக்கு மேற்பட்ட பாரம். வந்து போகும் விருந்தினரின் பாரம் அன்று. வீடு உள்ளளவும் அங்கேயே கிடக்கும் பாரம். நெடுங்காலம் நீங்காது கிடக்கும் பாரத்தின்கீழ் மரம் ஆண்டுதோறும் சிறிது சிறிதாகத் தாழும் இயல்புடையது என்பதும் மறக்கத்தக்கதன்று.

தளம் எவ்வளவு வளையலாம் என்பதற்கும் அளவு வகுத்துள்ளார்கள். வட அமெரிக்கத் தரையோட்டுத் தொழிலில், சட்டம் தாண்டும் தூரத்தில் 360இல் ஒரு பங்குக்கு மேல் முழுப் பாரத்தின்கீழ் வளைதல் ஆகாது என்பது பீங்கான் ஓட்டுக்குரிய விதி. இயற்கைக் கல்லாயின் 720இல் ஒரு பங்கு. சுவருக்குச் சுவர் 3.6 மீற்றர் தூரமுள்ள அறையில், முதலாவது விதிப்படி 10 மில்லிமீற்றரும், இரண்டாவது விதிப்படி 5 மில்லிமீற்றரும் எல்லையாகும். பெரிய ஓட்டைப் பதிப்போர் முதலாவது எல்லையை அணுகாது, அதனினும் மிகக் குறைந்த வளைவையே நாடுவர்.

வீட்டார் தாமே செய்து பார்க்கத்தக்க எளிய சோதனை ஒன்றும் உண்டு. கண்ணாடிக் குவளையொன்றில் விளிம்புவரை நீர் நிரப்பி அறையின் நடுவே தரையில் வைக்க வேண்டும். வளர்ந்த ஒருவர் இயல்பாக அதன் அருகே நடந்து செல்லட்டும். நீர் அலையெழுந்து தளும்புமாயின், அத்தளம் ஓட்டைத் தாங்கும் நிலையில் இல்லை எனக் கொள்ளலாம். நீர் அசையாதிருப்பது முடிவான சான்று அன்று. ஆனால் நீர் தளும்புவது முடிவான எச்சரிக்கை.

அடுத்துச் செய்யத்தக்கது, பலகைகள் சிலவற்றைக் கழற்றித் தளத்தின் அடியைப் பார்த்தலாகும். இதனைச் செய்யாது ஓடு வாங்கச் செல்லுதல், மணமகளைக் காணாது திருமண மண்டபம் பேசுவதை ஒக்கும். சட்டத்தின் முனைகள் சுவருள் புதைந்த இடத்தில் ஈரம் உண்டா? கூரிய ஊசியாற் குத்தினால் மரம் நெகிழ்ந்து கொடுக்கின்றதா? முன்னொரு காலத்தில் நீர்க்குழாய் பொருத்தியவர், குழாய்க்கு வழிசெய்யச் சட்டத்தை ஆழமாக வெட்டிவிட்டுச் சென்றிருக்கின்றாரா? வெளிச்சுவரின் காற்றுத் துளைகள் மண்ணாலோ, பின்னர் இட்ட முற்றத்துத் தரையாலோ அடைபட்டுள்ளனவா? மரத்தில் ஈரம் நூற்றுக்கு இருபது பங்கைத் தாண்டி நிலைக்குமாயின், மரத்தை உக்கச் செய்யும் பூஞ்சணம் வேர்கொள்ளும். பலகை திறந்து கிடந்த காலத்தில் ஈரம் மேல்வழியாகவும் சிறிது வெளியேறிற்று. ஓடு பதித்தபின் அவ்வழி அடைபடுகின்றது. ஆகவே அடிக்காற்று முன்னையினும் இன்றியமையாததாகின்றது. அழகிய தரையின் கீழே சட்டங்கள் உக்கிக்கொண்டிருப்பதை ஒருவரும் காணமாட்டார். காணும் நாளில் அது ஓட்டின் கேடாக அன்றி வீட்டின் கேடாகவே முடிந்திருக்கும்.

மரம் நன்றாயிருந்தும் தளம் வளையுமாயின் அதனை வலுப்படுத்தல் வேண்டும். இங்கே கணக்கு உதவிக்கு வருகின்றது. சட்டத்தின் அகலத்தை இரட்டித்தால் அதன் விறைப்பு இரண்டு மடங்காகும். உயரத்தை இரட்டித்தாலோ எட்டு மடங்காகும். சட்டம் தாண்டும் தூரத்தைப் பாதியாகக் குறைத்தால், சமமாகப் பரவிய பாரத்தின்கீழ் அதன் வளைவு பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆதலால் கீழ்வீட்டுத் தளத்துக்கு மிகச் சிறந்த மருந்து, நடுவே புதிய இடைத்தாங்கல் ஒன்றை, உரிய அத்திவாரத்தோடும் ஈரந்தடுக்கும் படையோடும் கட்டுவதாகும். அச்சுவர் காற்றோட்டத்தை மறிக்காதபடி இடைவெளிகள் விட்டுக் கட்டப்படல் வேண்டும். மேல்வீட்டில் இது இயலாது. அங்கே பழைய சட்டம் ஒவ்வொன்றோடும் புதிய சட்டமொன்றைச் சேர்த்துத் திருகாணியாற் பிணைப்பர். சட்டங்களுக்கு இடையே குறுக்குக்கட்டைகளை இறுக்கமாக வைப்பதும் உண்டு. அவை ஒரு சட்டத்தின் பாரத்தை அயற்சட்டங்களோடு பகிரச் செய்து, சட்டம் சரியாது காக்குமேயன்றி, சட்டத்தின் வலிமைக் குறைவை முழுதும் ஈடுசெய்யமாட்டா. மேல்வீட்டுத் தளத்தில் இவ்வளவு பாரம் ஏற்றுமுன் பொறியியலாளர் ஒருவரின் கணக்கைப் பெறுதல் வீண்செலவன்று. தளத்தின் கீழே மனிதர் உறங்குகின்றனர்.

சட்டம் உறுதியான பின் பலகைக்கு வருதல் வேண்டும். ஆடும் பலகைகளைத் திருகாணியால் இறுக்க வேண்டும். அதற்கு முன்னர், பலகையின் கீழ் ஓடும் மின்கம்பி, நீர்க்குழாய், வாயுக்குழாய் ஆகியவை எங்கே உள்ளன என்று கண்டு, தரையிலே குறியிடல் வேண்டும். ஒரு திருகாணி தவறான இடத்தில் இறங்கினால் உயிரே போதலும் கூடும். பின்னர் பலகைமேல் 15 மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்புள்ள, ஈரத்தைத் தாங்கும் வகை ஒட்டுப்பலகைத் தகடுகளைப் பரப்பித் திருகாணியால் நெருங்க இறுக்குதல் வழக்கம். பழைய பலகைகளை முற்றாக நீக்கிவிட்டு, அவற்றுக்குப் பதிலாக அதனினும் தடித்த ஒட்டுப்பலகையைச் சட்டத்தின்மேல் நேரே இறுக்குவாரும் உளர். ஒட்டுப்பலகையில் மரத்தாள்கள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டிருத்தலால், ஒரு தாள் சுருங்க முயலும்போது மற்றத்தாள் அதனைப் பிடித்து நிறுத்தும். தகடுகளின் முனைகள் ஒரே கோட்டில் அமையாது மாறி மாறி அமைதல் வேண்டும். தகட்டுக்கும் தகட்டுக்கும் இடையே சிறிது இடமும், சுவரோரத்தில் அதனினும் கூடிய இடமும் விடல் வேண்டும். சுவரோடு முட்டவைத்த தகடு அகலிக்கும்போது போக்கிடம் இன்றி மேலெழும்.

இனி, பக்கவாட்டு அசைவுக்குரிய மருந்து. 1987 ஆம் ஆண்டிலே ஜெர்மனியிலிருந்து விற்பனைக்கு வந்த பிளாஸ்ரிக் விரிப்பொன்று இத்தொழிலிற் பெருமாற்றத்தைச் செய்தது. ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் தடிப்புள்ள அவ்விரிப்பின் மேற்புறத்திற் சதுரக் குழிகள் இருக்கும். அடிப்புறத்திற் கம்பளி போன்ற மெல்லிழைப் படை இருக்கும். அடிப்படை தளத்தோடு ஒட்டும். மேற்குழிகளில் ஓட்டின் சாந்து பிடிக்கும். கீழே மரம் இடமும் வலமும் சிறிது அசைந்தால், அவ்வசைவை விரிப்பு தன்னுள் ஏற்றுக்கொண்டு ஓட்டுக்குச் செல்லவிடாது தடுக்கும். உரோமரின் வைக்கோற் படை நின்ற இடத்தில் இன்று இவ்விரிப்பு நிற்கின்றது எனலாம். ஆனால் இங்கேதான் முன்னர்க் கூறிய தவறு நிகழ்கின்றது. இவ்விரிப்பு பக்கவாட்டு அசைவுக்கே மருந்து. கீழ்நோக்கி வளையும் தளத்தை அது விறைப்பாக்க மாட்டாது. குவளை நீர் தளும்பும் தளத்தின்மேல் எவ்வளவு விலையுயர்ந்த விரிப்பை இட்டாலும், தளத்தோடு விரிப்பும் வளையும். விரிப்போடு ஓடும் வளைய முயன்று உடையும்.

ஒட்டுச்சாந்தைத் தெரிவதிலும் கருத்து வேண்டும். நீரை உறிஞ்சாத பீங்கான் ஓட்டிற் சாதாரணச் சீமெந்துச் சாந்து நன்றாகப் பற்றாது. செயற்கைப் பிசின் கலந்த, சிறிது நெகிழ்ந்து கொடுக்கும் சாந்தே ஏற்றது. ஐரோப்பிய வகைப்பாட்டில் எஸ் 1 என்னும் குறியுடைய சாந்து, சோதனையில் இரண்டரை மில்லிமீற்றர்முதல் ஐந்து மில்லிமீற்றர்வரை உடையாது வளைவது. எஸ் 2 என்னும் குறியுடையது ஐந்து மில்லிமீற்றருக்கு மேலும் வளைவது. மரத்தளத்துக்கு இவ்விரண்டில் ஒன்றையே கைக்கொள்வர். விரிப்பின்மேல் எச்சாந்தை இடுவது என்பதில் விரிப்பைச் செய்தவரின் குறிப்பையே பின்பற்றல் வேண்டும்.

பதிக்குமுன், இரண்டு மீற்றர் நீளமுள்ள நேர்கோலொன்றைத் தளத்தின்மேல் எல்லாத் திசையிலும் வைத்துப் பார்த்தல் வேண்டும். கோலின் கீழே மூன்று மில்லிமீற்றருக்கு மேல் இடைவெளி தோன்றுமாயின், முதலில் அப்பள்ளத்தை நிரப்பல் வேண்டும். ஓட்டை மட்டப்படுத்தும் பிளாஸ்ரிக் கொளுவிகள் இக்காலத்தில் எங்கும் கிடைக்கின்றன. அவை அயலயலான ஓடுகளின் விளிம்பை ஒன்றாக நிறுத்த உதவுமேயன்றி, மேடுபள்ளமான தளத்தைத் திருத்தமாட்டா.

பல்லுள்ள சாந்தகப்பையாற் சாந்தை நேர்க்கோடுகளாக இழுத்தல் வேண்டும், சுழித்து இழுத்தலாகாது. சுழியினுள் அகப்பட்ட காற்று வெளியேற வழியின்றி வெற்றிடமாக நின்றுவிடும். ஓட்டின் முதுகிலும் மெல்லிய படையாகச் சாந்தைத் தேய்த்து, கோடுகளுக்குக் குறுக்கே சிறிது முன்னும் பின்னும் அசைத்து அழுத்தல் வேண்டும். உலர்ந்த அறையில் ஓட்டின் முதுகிற் குறைந்தது நூற்றுக்கு எண்பது பங்கும், குளியலறை போன்ற ஈரமான இடத்தில் தொண்ணூற்றைந்து பங்கும் சாந்து பற்றியிருத்தல் வேண்டும் என்பது விதி. வேலை தொடங்கியதும் பதித்த ஓட்டில் ஒன்றை மீளத் தூக்கி அதன் முதுகைப் பார்ப்பதே இதற்குச் சான்று. நல்ல மேசன் இதனைத் தாமாகவே செய்து காட்டுவார். காட்டும்படி கேட்பது அவரை ஐயுறுவதாகாது.

பெரிய ஓட்டை வரிசைப்படுத்தும் முறையிலும் ஒரு நுட்பம் உண்டு. நீண்ட ஓடு சூளையிலிருந்து வரும்போது நடுப்பகுதி மிகச் சிறிது உயர்ந்திருத்தல் இயல்பு. செங்கற் சுவர்போல் ஒன்றின் நடுவுக்கு நேரே மற்றொன்றின் முனை வரும்படி பதித்தால், உயர்ந்த இடமும் தாழ்ந்த இடமும் அருகருகே வந்து காலில் இடறும். ஆகவே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விலக்கிப் பதித்தலாகாது என்பர். ஓட்டுக்கும் ஓட்டுக்கும் இடையே மூன்று மில்லிமீற்றரேனும் விடல் வேண்டும். இடைவெளியே தோன்றாத தரை கண்ணுக்கு இனிதாயினும், அசையும் தளத்துக்கு அது ஏற்றதன்று. சுவரோரத்தில் ஐந்தாறு மில்லிமீற்றர் இடம் விட்டு, அதனைச் சாந்தால் நிரப்பாது, நெகிழும் சிலிக்கோனால் மூடல் வேண்டும். வாயிற்படியிலும் அவ்வாறே. சுவரடிப் பலகை அவ்விடைவெளியை மறைத்துவிடும்.

ஒட்டுப்பலகை, விரிப்பு, சாந்து, ஓடு ஆகியவற்றின் தடிப்பைக் கூட்டினால், தரை முன்னையினும் மூன்று சென்ரிமீற்றருக்கு மேல் உயரும். கதவுகளின் அடியை அரிய வேண்டிவரும். அயலறைத் தரைக்கும் இத்தரைக்கும் இடையே படியொன்று தோன்றும். முதியோர் வாழும் வீட்டிலே அச்சிறு படியே பெருந்துன்பத்துக்கு வாயிலாகலாம். பழைய பலகையை நீக்கி ஒட்டுப்பலகையை இடும் முறை இவ்வுயர்வைக் குறைக்கும். இவற்றையெல்லாம் ஓடு வாங்குமுன் அளந்து கொள்ளுதல் அறிவுடைமை.

இத்தனையும் செய்யச் செலவு மிகும் என்பது உண்மை. சில வீடுகளில், மறைந்துபோகும் வேலைக்கு ஆகும் பணம் ஓட்டின் விலையையே விஞ்சிவிடும். அவ்வளவு பணம் இல்லாதவர் என்செய்வது? ஓட்டிற் குறைந்த விலையுள்ளதைத் தெரிந்து, மிஞ்சும் பணத்தைத் தளத்துக்கு இடுதல் ஒரு வழி. பெரிய ஓட்டை விடுத்துச் சிறிய ஓட்டைப் பதித்தல் மற்றொரு வழி. ஆயினும் அதற்கும் உறுதியான தளம் வேண்டும். தளத்தைத் திருத்த எவ்வாற்றானும் இயலாதெனின், ஓடு பதியாது விடுதலே நேர்மையான வழி. பழைய பலகையைச் சீவி மெருகிட்டாலும், வளைந்து கொடுக்கும் விரிப்பொன்றை இட்டாலும் தரை நன்றாகவே இருக்கும். வளையும் தளத்துக்கு வளையும் பொருளே துணை.

இலங்கையிலும் பழைய மாடிவீடுகள் சிலவற்றிலும், மலைநாட்டுப் பங்களாக்கள் சிலவற்றிலும் மரப்பலகைத் தளங்கள் இன்றும் உள்ளன. அவற்றைப் புதுப்பிக்க எண்ணுவோருக்கும் இவை பொருந்தும். குளிர்காலத்துச் சூடு இங்கில்லை எனினும், மாரிகாலத்து ஈரமும் கோடைகாலத்து உலர்வும் மரத்தை அசைக்கப் போதியவை. கறையான் என்னும் பகைவனையும் இங்கே கூட்டிக்கொள்ளல் வேண்டும்.

முன்னர்க் கூறிய அக்குடும்பம் வேறு விதமாக நடந்திருந்தால் யாது நிகழ்ந்திருக்கும்? கடைக்குச் செல்லுமுன் ஒரு பலகையைக் கழற்றிப் பார்த்திருப்பார்கள். குவளை நீர் தளும்பியதைக் கண்டிருப்பார்கள். அவ்வாண்டில் ஓட்டை வாங்காது, இடைத்தாங்கலைக் கட்டி, காற்றுத் துளைகளைத் துப்புரவாக்கியிருப்பார்கள். வந்த விருந்தினர் எவரும் வியந்திருக்கமாட்டார். வியப்பதற்கு அங்கே ஒன்றும் தோன்றியிராது. அடுத்த ஆண்டில் ஓடு பதித்திருப்பார்கள். அதற்கடுத்த குளிர்காலத்தில், வீட்டு முதியவர் அதிகாலையில் எழுந்து அத்தரையின்மேல் நடக்கும்போது, ஓசை ஒன்றும் எழுந்திராது.